தாமதமாக வந்தது யார்?

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு நடுகல் புதிதல்ல. ஏரிக்கரையில், புளியமரத்தடியில், உழுத நிலத்தின் மூலையில் என்று எங்காவது ஒன்று சாய்ந்து கிடக்கும். எம்.ஏ. தமிழ் படித்தபோது அவற்றை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய மாட்டை யார் கவர்ந்தார்கள், மீட்கப் போனவன் எங்கே பட்டான் எல்லாம் நாலு வரியில் அடங்கிவிடும். கம்பைநல்லூர்க் காலனியில் செத்தவர்களுக்கு அப்படி யாரும் கல் நட்டதில்லை. என் தாய்மாமனுக்கு மிஞ்சியிருப்பது பச்சை அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டு. அத்தை அதைத் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் 2005 என்று ஆண்டு இருக்கிறது. சி.டி.4 என்ற கட்டத்துக்கு எதிரே 41 என்று எழுதியிருக்கிறது.

இந்த 41-ஐ நான் ஒரு கல்வெட்டைப் போல வாசிக்கப் பார்க்கிறேன். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. பேரு மட்டும் போடாத" என்றார்.

முதலில் அந்த எண் என்னவென்று சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. கிருமி நம் ரத்தத்தில் இருக்கும் ஒருவகை வெள்ளணுக்களைத் தேடிப்பிடித்து அழிக்கிறது. சி.டி.4 அணுக்கள் என்பவை அவைதான். வெளியிலிருந்து எந்த நோய் வந்தாலும் மற்ற அணுக்களைத் திரட்டி எதிர்த்து நிற்கவைப்பது அவற்றின் வேலை. நலமாக இருக்கிற ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கும், ஆயிரத்தையும் தாண்டும். மருந்தில்லாமல் விட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 50-லிருந்து 100 வரை குறைந்துகொண்டே வரும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆள் சுமை தூக்குவான், கல் உடைப்பான், கல்யாணம் பண்ணுவான். 200-க்குக் கீழே போனதும் கதவு திறந்துவிட்ட வீடு மாதிரி ஆகிவிடும். நுரையீரலில் நிமோனியா, தொண்டையில் வெண்புண், நிற்காத பேதி. 100-க்குக் கீழே மூளைக்காய்ச்சல். 50-க்குக் கீழே கண்பார்வையே போகலாம். டி.பி. எந்த எண்ணிலும் வரும், குறையக் குறைய வேகமாக வரும்.

ஆக, ஒருவர் முதன்முதலாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் நாளில் எழுதப்படும் எண்ணில் அவருடைய உடம்பின் கதையோடு அவர் வந்து சேர்ந்த வழியின் நீளமும் இருக்கிறது. 41 என்றால் பல ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் எங்கே இருந்தார், யார் அவரைப் பார்த்தார்கள், யார் பார்க்காமல் விட்டார்கள் என்று கேட்டால் அங்கிருந்து வரலாறு தொடங்குகிறது.

*

மாமா பதினெட்டு வயதில் போர் வண்டிக்குப் போனவர். எங்கள் பக்கத்து மானாவாரி நிலம் கைவிட்டால் ஆண்கள் ஒன்று பெங்களூர்க் கட்டட வேலைக்குப் போவார்கள், இல்லை போர் வண்டி ஏறுவார்கள். ஆந்திரா, மகாராஷ்டிரா என்று மாதக்கணக்கில் ராத்திரி பகல் இல்லாமல் குழாய் இறக்குவது, கழற்றுவது. முதலாளி வேறு சாதி, டிரைவர் வேறு சாதி, குழாய் தூக்குகிறவன் எங்கள் ஆள். கூலியை மொத்தமாக வருசத்துக்கு ஒருதரம் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். நடுவில் காய்ச்சல் என்று இறங்கினால் கணக்கு போய்விடும். மாமாவுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ஊசி போட்டுக்கொண்டு குழாய் தூக்கினார்.

2003-இல் இளைத்து வந்தார். முதலில் பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிறகு மந்திரித்தார்கள். பிறகு ஒரு நாட்டு வைத்தியர் ஒரு மண்டலத்துக்கு மருந்து கொடுத்தார், ஆட்டை விற்றோம். பிறகு இன்னொரு கிளினிக், இன்னொரு குளுக்கோஸ். இரண்டு வருசத்தில் அவரை ஐந்து பேராவது தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். முடிவை அவரிடம் சொல்வதற்கு முன்னால் வார்டுக்கே சொன்னார்கள். கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டார்கள். மறுநாள் விடிகாலையில் மாமா யாரிடமும் சொல்லாமல் எழுந்து நடந்து வந்துவிட்டார். அந்த நடையில் இன்னும் ஐந்து மாதம் போயிற்று.

அதற்கப்புறம்தான் மொரப்பூரில் ரயிலேறித் தாம்பரம். தாம்பரம் சானடோரியத்தைப் பற்றி அப்போது எங்கள் பக்கத்தில் ரகசியமாகப் பேசிக்கொள்வார்கள். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காரர்களுக்காகத் தொடங்கிய இடம். பின்னால் அரசு மருத்துவமனையானது. 1990-களின் முற்பகுதியில், மற்ற இடங்களில் விரட்டப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளை உள்ளே சேர்த்துக்கொண்டது. ஆங்கில மருந்து ஏழைக்கு எட்டாத அந்த நாளில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்ற சித்த மருந்துகளையும் அங்கே கொடுத்துப் பார்த்தார்கள். ஊர் ஊராக ஒதுக்கப்பட்டவர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததால் அது நாட்டிலேயே பெரிய எச்.ஐ.வி. மருத்துவமனைகளில் ஒன்றானது. ஒரு மருத்துவமனை பெரிதாவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது.

அங்கேதான் 41 என்று எழுதினார்கள். கூட்டு மருந்து கொடுத்தார்கள். மாமா ஐந்தாவது வாரம் செத்தார். ரொம்பவும் விழுந்துபோன உடம்பில் மருந்து எதிர்ப்புச் சக்தியை எழுப்பும்போது, அதுவரை மறைந்திருந்த டி.பி. மாதிரியான நோய்கள்மேல் அது மூர்க்கமாகப் பாயும், அதிலேயே ஆள் போய்விடுவதும் உண்டு என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஊரில் சொன்னது வேறு. "மருந்து சாப்ட்டான், செத்தான்." அந்த ஒரு வாக்கியம் எங்கள் காலனியில் இன்னும் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் வைத்தது. தாமதம் இப்படித்தான் தாமதத்தைப் பெறுகிறது.

*

மருத்துவக் கட்டுரைகளில் மாமா மாதிரி ஆட்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது, "தாமதமாக வந்தவர்கள்". இந்தச் சொல்லில் குற்றவாளி யார் என்பது முன்பே முடிவாகிவிட்டது. வந்தவர் மேல்தான் பழி. எங்கள் சனங்களுக்குச் சொரணை இல்லை, படிப்பில்லை, குடி, விழிப்புணர்வு இல்லை என்று விரித்துக்கொண்டே போகலாம். பொதுப்புத்தி அப்படித்தான் விரிக்கிறது. நான் கேட்பது இந்த நோயின் வரலாற்றில் முதலில் தாமதமாக வந்தது யார் என்பது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில், 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில், பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வசதியான ஆய்வுக்கூடமோ பாதுகாப்புச் சாதனமோ இல்லாமல் அந்த இரண்டு பெண்களும் செய்த வேலை சாதாரணமல்ல. மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. அமெரிக்காவில் மறுபடி சோதித்து உறுதி செய்தார்கள். சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இந்தக் கதையைச் சாதனையாக எழுதுகிறார்கள். எழுதட்டும், சாதனைதான். ஆனால் ரத்தம் கொடுத்தவர்களின் பக்கமிருந்து யாராவது எழுதியிருக்கிறார்களா? எதற்காக எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அன்றைக்கு எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். அடைபட்டிருந்தவளிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப்பின் நடந்தது இன்னும் மோசம். கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் காப்பகங்களில் வைத்துப் பூட்டினார்கள். மருந்தில்லை, கெடு இல்லை, வழக்கில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், 1990-இல் கதவு திறந்தது. இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததல்ல. கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்யப் போய், கிருமி இருப்பதாகத் தெரிந்ததும் 1989-இல் 64 நாள் அடைத்து வைக்கப்பட்டார்.

ஆக, சோதனைக்கு வா என்று அரசு கூப்பிடுவதற்கு முன்பே, சோதித்தால் பூட்டுவார்கள் என்ற பாடத்தை அதே அரசு நடத்தி முடித்துவிட்டது. 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. சுவரெல்லாம் "உயிர்க்கொல்லி நோய்" என்று எழுதினார்கள். மண்டை ஓடு வரைந்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டார்கள், சனங்கள் சிரித்தார்கள். மாமாவும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அப்போது கிருமி அவர் உடம்பில் இருந்தது. வந்தால் சாவு, வருவது ஒழுக்கம் கெட்டவனுக்கு என்று சுவர் சொன்னபோது, வந்தால் என்ன செய்வது, எங்கே போவது என்று யார் சொன்னார்கள்? சொல்ல முடியாது, ஏனென்றால் கொடுப்பதற்கு மருந்து இல்லை.

மருந்து உலகத்தில் இருந்தது. 1996-இல் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் சாவு நிற்கும் என்பது உறுதியாகிவிட்டது. பணக்கார நாடுகளில் எய்ட்ஸ் வார்டுகள் காலியாகத் தொடங்கின. ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவு. 2001-இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் அதையே ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது, ஆப்பிரிக்காவுக்குக் கதவு திறந்தது. மருந்து செய்கிற நாட்டில் மருந்து இலவசமாக வந்தது 2004 ஏப்ரல் 1 அன்று. தாம்பரம் அந்த முதல் மையங்களில் ஒன்று. 1986-லிருந்து 2004 வரை பதினெட்டு ஆண்டு. மாமா கிருமி தொற்றி வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைவிட இது அதிகம்.

*

இனி அத்தையின் எண். மாமாவுக்கு எழுதிய அதே வாரத்தில் அத்தைக்கும் சோதித்தார்கள். 412. அவர் தாமதமாக வரவில்லை. சரியான நேரத்தில் வந்தார். என்ன சொன்னார்கள் தெரியுமா? "இப்ப மருந்து வேணாம்மா. 200-க்குக் கீழ போனா குடுப்போம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாரு."

சொன்ன மருத்துவரைக் குறைசொல்ல மாட்டேன். அன்றைய விதி அது. மருந்து குறைவு, அன்றைக்குக் கொடுத்த ஸ்டாவுடின் கைகால் எரிச்சலைக் கொடுக்கும், கன்னத்தை ஒட்டவைக்கும். ஆனாலும் அந்த விதியை எங்கள் காலனித் திண்ணையிலிருந்து கேட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கிறவள் திரும்பிப் போய், விழும்வரை காத்திருந்து, விழுந்த பிறகு வர வேண்டும். அத்தை ஐந்து வருசம் காத்திருந்தார். ஒவ்வொரு ஆறு மாதமும் ஒரு நாள் கூலி, பஸ் சத்தம், ஒரு பொய். களத்து வேலைக்கு வராததற்கு "தங்கச்சி ஊட்டுக்குப் போறன்" என்று பொய். 2010-இல் இருமத் தொடங்கினார். எண் 186. டி.பி.க்கு மருந்தும் இதற்கு மருந்தும் சேர்த்துச் சாப்பிட்டுப் பிழைத்தார்.

2011-இல் ஓர் ஆய்வின் முடிவு வந்தது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று. ஒன்பது நாடுகளில் நடந்த அந்த ஆய்வுக்கு உடம்பு கொடுத்தவர்களில் சென்னைக்காரர்களும் உண்டு. நம் ஆட்களின் ரத்தத்திலிருந்தும் அந்த உண்மை எழுதப்பட்டது. ஆனால் வரம்பு 200-லிருந்து 350, பிறகு 500 என்று படிப்படியாக ஏறி, எந்த எண்ணாக இருந்தாலும் உடனே மருந்து என்று இந்தியா சொன்னது 2017-இல். வரம்பு ஏறிய ஒவ்வொரு படிக்கும் கீழே, வாசலில் உட்கார வைக்கப்பட்ட அத்தைகள் எத்தனை பேர்?

*

யார் எந்த எண்ணோடு வருகிறார்கள் என்பதைப் பற்றி உலகமெங்கும் ஆராய்ந்திருக்கிறார்கள். முடிவுகள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்கின்றன. ஆண்கள் பெண்களைவிடத் தாமதமாக, குறைந்த எண்ணோடு வருகிறார்கள். வயதானவர்கள் தாமதமாக வருகிறார்கள். பிழைப்புக்கு இடம்பெயர்ந்தவர்கள், படிக்காதவர்கள், மருத்துவமனைக்குத் தூரமாக இருப்பவர்கள் தாமதமாக வருகிறார்கள். தானாகச் சோதித்துக்கொண்டவர் முன்னால் வருகிறார், டி.பி. வந்து அதனால் சோதிக்கப்பட்டவர் பின்னால் வருகிறார். பெண்கள் முன்னால் வருவதற்குக் காரணம் அவர்களுக்குத் துணிச்சல் அதிகம் என்பதல்ல. கர்ப்பமானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதிக்கிறார்கள். புருசன் படுத்தால் பெண்டாட்டியையும் சோதிக்கிறார்கள். நாற்பது வயது கூலி ஆணை, விழும்வரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. ஓட்டுக்கும் வேலைக்கும்தான் கூப்பிடுகிறார்கள்.

இந்த அட்டவணைகளில் வயது இருக்கும், பால் இருக்கும், படிப்பு, தொழில், திருமணம் எல்லாம் இருக்கும். சாதி என்ற கட்டம் அநேகமாக இருக்காது. இட ஒதுக்கீடு கேட்டால் சாதியைக் கேட்கும் அதிகாரம், சாவைக் கணக்கெடுக்கும்போது கேட்பதில்லை. ஆனால் "இடம்பெயர்ந்த கூலி", "படிக்காதவர்", "தூரத்தில் இருப்பவர்" என்ற மூன்று கட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் அது எந்தத் தெருவின் வரைபடமாக வருகிறது? நோய்க்குச் சாதி இல்லைதான். நோயோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதைக்குச் சாதி இருக்கிறது.

*

இதுவரை அரசை நோக்கி விரல் நீட்டினேன். எங்கள் பக்கம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

டீக்கடையில் தனி டம்ளர் என்றால் என்னவென்று எங்கள் அம்மாவுக்குத் தெரியும். தேங்காய்ச் சிரட்டையில் குடித்த கதையை அம்மாவின் அம்மா சொல்லுவார். அப்படிப்பட்ட எங்கள் வீட்டில், மாமா வந்து படுத்த நாளிலிருந்து அவருக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாக இருந்தது. அடையாளத்துக்கு விளிம்பில் ஆணியால் கீறி வைத்திருந்தோம். தொட்டால், கூடச் சாப்பிட்டால், ஒரே டம்ளரில் குடித்தால் இது தொற்றாது என்பது எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பாடத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன். ஆனாலும் நான் அந்த டம்ளரைத் தொடவில்லை. ஒருநாள் மாமா தண்ணீர் கேட்டபோது சொம்பைத் தூக்கி, டம்ளர் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினேன். ஊர்த்தெருவில் எங்களுக்கு எப்படி ஊற்றுவார்களோ அப்படி. மாமா டம்ளரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குடித்தார்.

தீண்டாமை எங்கள்மேல் சுமத்தப்பட்டது மட்டுமல்ல, நாங்கள் கற்றுக்கொண்டதும்கூட. அதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. அந்தச் சொம்பைத் தூக்கிய கையிலிருந்து தெரிந்துகொண்டேன். காலனியில் ஒருவன் சோதிக்கப் போகப் பயப்படுகிறான் என்றால், அவன் பயப்படுவது ஊர்த்தெருவை மட்டும் அல்ல. எங்களையும்தான். மாமாவின் 41-இல் எங்கள் வீட்டுப் பங்கும் இருக்கிறது.

இதை உடைத்தவர்கள் நோயோடு இருந்தவர்களே. 1997-இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் தங்களுக்கென்று இந்திய அளவில் ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். 1998-இல் நாமக்கல் பக்கத்துப் பெண்ணான கௌசல்யா, மற்றப் பெண்களோடு சேர்ந்து பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார். முகத்தை மறைக்காமல், பெயரை மறைக்காமல், எனக்கு இருக்கிறது என்று பேசினார். அந்த நாளில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது, சாதியை மறைத்து வாடகைக்கு வீடு பிடித்த எவருக்கும் விளங்கும். மருந்து இலவசமாக வந்ததும், சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, நோயைக் காட்டி வேலையையும் சிகிச்சையையும் மறுக்கக் கூடாது என்ற 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததும் இந்த மாதிரி வாய்களால்தான். காப்பகத்தில் கேட்காமல் ரத்தம் எடுத்த 1986-க்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவில் முப்பத்திரண்டு ஆண்டு இருக்கிறது.

இன்று நம்பிக்கை மையம் பக்கத்திலேயே இருக்கிறது. சோதனை இலவசம், மருந்து இலவசம், நாளுக்கு ஒரு மாத்திரை. அப்படியும் உலகில் மூன்றில் ஒருவர் என்கிற அளவில், 200-க்குக் கீழே விழுந்த பிறகுதான் சிகிச்சைக்கு வந்து சேருகிறார்கள். கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. கூலிக்காரன் வேலை முடிந்து வருகிற சாயங்காலத்தில் மையம் திறந்திருக்க வேண்டும். போர் வண்டி கிளம்பும் இடத்துக்கும் பெங்களூர்க் கட்டட லைன் வீடுகளுக்கும் சோதனை போக வேண்டும். இருமலோடு வரும் ஒவ்வொரு ஆணையும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பாமல், கேட்டு, சம்மதம் வாங்கி, ரகசியமாகச் சோதிக்க வேண்டும். முதல் நாள் எண்ணைத் தெருவாரியாகக் கணக்கெடுத்து, எந்தத் தெரு பின்னால் வருகிறதோ அந்தத் தெருவுக்கு அரசு முன்னால் போக வேண்டும். நம் இயக்கங்களும் இதைச் சுகாதாரத் துறை விசயம் என்று ஒதுக்காமல் பேச வேண்டும். நில உரிமை பேசும் மேடையில் இதையும் பேசினால் குறைந்துபோக மாட்டோம்.

அத்தைக்கு இப்போது எண் 600-க்கு மேல். நூறு நாள் வேலைக்குப் போகிறார், சங்கக் கூட்டத்தில் சண்டை போடுகிறார். மகள் நர்சிங் படித்துவிட்டாள், அவளுக்குக் கிருமி இல்லை. போன தை மாதம் போயிருந்தபோது டீ கொடுத்தார். டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் கீறல் இருந்தது.

"இதுவா அத்த?" என்றேன்.

"நல்ல டம்ளர், ஏன் தூக்கிப் போடணும்? எல்லாரும் அதுலதான் குடிக்கிறோம். குடி, ஆறிப்புடும்" என்றார்.

குடித்தேன். பதினெட்டு ஆண்டு தாமதமாக வந்த அரசைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அந்த டம்ளரில் குடிக்க நானும் ஏறக்குறைய அவ்வளவு ஆண்டு எடுத்துக்கொண்டேன் என்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.